ஒட்டியாணத்து வீட்டுக்குத் திரும்பி வந்த சதை

பாவநேரியில் செண்பகவல்லியின் சதை அவளைத் தேடிக்கொண்டு வந்து கதவைத் தட்டியது ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், பால்காரர் வந்துபோய், வாசல் கோலம் இன்னும் காயாமல் இருந்த நேரத்தில். செண்பகம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் எல்லா வெள்ளிக்கிழமையும் செய்வதுபோல ஒட்டியாணத்தை இடுப்பில் மாட்டி, வயிற்றை முதுகோடு ஒட்ட இழுத்து, கொக்கியைப் போட்டுவிட்டு, "கொக்கி விழுந்துட்டும்மா" என்று உள்ளே இருந்த அம்மா காந்திமதிக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால் வெளியே அவளே நின்றாள். அவளேதான், ஆனால் கன்னம் உள்ளவள், வயிறு உள்ளவள், கையைத் தூக்கினால் கூடவே ஆடுகிற புஜம் உள்ளவள். உடுத்திக்கொள்ள ஒன்றும் இல்லாமல் எந்த வீட்டுக் கொடியிலோ கிடந்த போர்வையைச் சுற்றியிருந்தாள்.

"நான்தான் செண்பகம். இத்தன வருசமா நீ கழிச்சுப் போட்டதெல்லாம்" என்றாள் வந்தவள். "நடந்தே வந்தேன். உள்ள வரட்டுமா?"

செண்பகத்துக்கு ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை, வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. யாராவது பார்த்துத் தொலைத்துவிட்டார்களா என்று தலையை நீட்டித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். எதிர்வீட்டு லூர்து டீச்சர் பல் தேய்த்துக்கொண்டே நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள இழுத்துப் போடுட்டி, ஊரே பாக்குது" என்றாள் காந்திமதி. அப்படித்தான் சதை அந்த வீட்டுப் பின்கட்டில், ஊறுகாய்ப் பரணிகளுக்கும் பழைய பாய்களுக்கும் நடுவில் குடியேறியது.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது ஏதோ பிசாசுக் கதை என்று நினைத்துவிடுவீர்கள். ஊரில் அதற்கு ஒட்டியாணத்து வீடு என்றுதான் பெயர். அம்மாவிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று வந்துகொண்டே இருக்கிற ஒரே ஒரு தங்க ஒட்டியாணம், கெம்புக் கல் பதித்தது, நடுவில் அன்னம் வைத்தது. அதைப் பெரிதாக்கக்கூடாது, ஒரு கண்ணிகூடச் சேர்க்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். பெண் சமைந்து சடங்கு சுற்றும்போது கொக்கி விழவேண்டும், மணையில் உட்காரும்போது விழவேண்டும், அதற்குப் பிறகு சாகிறவரைக்கும் வெள்ளிக்கிழமைதோறும் விழவேண்டும். அதனால் அந்த வீட்டுப் பெண்கள் செவ்வாய்க்கிழமை முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு, திங்கள் சிவனுக்கு என்று எல்லாச் சாமியின் தலையிலும் தங்கள் பட்டினியைக் கட்டிவிட்டு, சாமி பெயர் இல்லாத நாட்களில் சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குவார்கள். விருந்து வீட்டில் வேறு வழியில்லாமல் தின்றுவிட்டால் நேராகக் கொல்லைக்குப் போய் வாழைமரத்தடியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்த முகமாக வருவார்கள். தெருவிலேயே கொழுத்த குலை தள்ளுவது அந்த வீட்டு வாழைதான். பெண் கேட்டு வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இடுப்பைப் பார்த்தார்கள், "அடேயப்பா, ஒரு கைப்பிடி" என்றார்கள், அதைக் கேட்கத்தானே இவ்வளவும். அந்த வீட்டில் இருக்கிறவர்களிலேயே மெலிந்தவள் காந்திமதி; வெயிலில் நின்றால் நிழல் விழுவதா வேண்டாமா என்று யோசிக்கும்.

சதை வந்த செய்தி அன்றைக்கே ஊர் முழுக்கப் போய்விட்டது. இதெல்லாம் நடக்குமா என்று யாரும் கேட்கவில்லை, எவ்வளவு இருக்கும் என்றுதான் கேட்டார்கள். லூர்து டீச்சர் முதல் ஆளாக வந்து, சதையை எழுந்து நிற்கச் சொல்லி, திரும்பச் சொல்லி, "இவ்வளவையுமா செண்பகம் சுமந்திருப்பா? கழிச்சது நல்லதாப் போச்சு" என்று அதன் முகத்துக்கு நேராகவே சொன்னாள். ரேஷன் கடைக்காரர், ஒரு கார்டில் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை அரிசி போட முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குருக்கள் யோசித்துப் பார்த்துவிட்டு, பேரும் ஒன்று நட்சத்திரமும் ஒன்று என்பதால் அர்ச்சனை ஒன்று போதும், ஆனால் இது வரிசையில் கடைசியாக நிற்கட்டும், மற்றவர்களுக்குச் சாமி மறைக்கும் என்றார். தையற்கடையில் அளவெடுத்தவள் நாடாவை அப்படியே பிடித்துக்கொண்டு போய் வாசலில் நின்ற எல்லாருக்கும் காட்டினாள். வருகிறவர்கள் எல்லாரும் அதன் கையைக் கிள்ளிப் பார்த்தார்கள், கிள்ளிவிட்டுத் தங்கள் கையையும் கிள்ளிப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள். தெற்குத் தெருவில் வேகவேகமாக நடந்தே உடம்பைக் குறைத்திருந்த ஒருத்தி மட்டும் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று, வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிறவர்களின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், தன்னுடையது எங்கே அலைகிறதோ என்று. கொஞ்ச நாளில் அவளும் அலுத்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டாள், ஊரும் பழகிவிட்டது. ஒட்டியாணத்து வீட்டுச் சதை தண்ணீர்க் குடத்தோடு போனால், மாடு போகிறது என்பதுபோல வழிவிட்டார்கள்.

சதைக்குக் கோபம் என்பதே வரவில்லை. அதுதான் செண்பகத்துக்கு எரிச்சலாக இருந்தது. அது பாட்டுக்கு மாவாட்டும், ஏதாவது முனகிப் பாடும், சும்மா இருக்கும்போது தன் உடம்பைத் தடவித் தடவி எந்தச் சதை எப்போது போனது என்று சொல்லிக்கொண்டிருக்கும். "இது உன் சடங்குக்கு முந்தி போனது. தெருவெல்லாம் கொழுக்கட்டை அவிச்சாவ, நீ ஜன்னல்ல உக்காந்து வாசம் பிடிச்ச." பிறகு இடது மாரைத் தொட்டுக் காட்டும். "இது யாழினி பிறந்த மறுமாசம் போனது. உனக்குப் பால் வத்திருச்சு. பிள்ள ராவும் பகலும் கத்துனா. அம்மா என்ன சொன்னாவ, ஞாபகம் இருக்கா? புட்டிப்பால் குடு, உன் இடுப்பாவது தப்பிச்சுதுன்னு."

"வாய மூடு" என்பாள் செண்பகம்.

"நீ ஒரு வாய் எனக்காகத் தின்னேன். நீ தின்னா நான் உள்ள வந்திருவேன். வேற வழி எனக்குத் தெரியல."

"உன்ன உள்ள விட்டா கொக்கிய யாரு விழ வைப்பா?"

சதை எழுந்து உளுந்தைக் கழுவப் போய்விடும்.

எல்லாரையும்விட அதைப் பாடாய்ப் படுத்தியது யாழினிதான். செண்பகத்தின் ஒரே மகள், எட்டாம் வகுப்பு, மூக்கோரத்தில் மிளகு மாதிரி ஒரு மச்சம். செண்பகத்தின் புருஷன் மும்பையில் வேலை பார்த்து வருசத்துக்கு ஒருமுறை வருகிறவர் என்பதால் அந்த வீட்டில் பெண்களின் பேச்சு மட்டும்தான், அந்தப் பேச்சும் இடுப்பைத் தாண்டிப் போனதில்லை. யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போவாள். "ஏ மூட்டை, சட்டையத் தூக்கு" என்பாள். அதன் வயிற்றிலும் தொடையிலும் எங்கெங்கே வெட்டி எடுக்கவேண்டும் என்று கோடு போடுவாள். சதை கூச்சத்தில் நெளியும், சிரிக்கும், "உன் அம்மை வயித்துல நீ இருந்த இடம் இது, அங்க மட்டும் போடாத தாயி" என்று கெஞ்சும். யாழினி அங்கேதான் அழுத்திப் போடுவாள். செண்பகம் கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன்மேல் கோடு விழுந்ததுபோல வயிறு சுருங்கும், அவ்வளவுதான், சுருங்குவதும் அவளுக்கு நல்லதாகவே பட்டது.

ஆவணியில் யாழினி சமைந்தாள். மற்ற வீடுகளில் என்றால் பிள்ளைக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையுமாக ஊட்டி ஊட்டி இடுப்பு எலும்பை உரமாக்குவார்கள். இங்கே அக்கம்பக்கத்தார் களி கிண்டித் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தால், யாழினி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைப்பாள், "நல்லா இருக்கு அத்தை" என்பாள், அவர்கள் தலை மறைந்ததும் சட்டி பின்கட்டுக்குப் போய்விடும். சதை அதைத் தொடவே தொடாது. "நான் தின்னு என்ன ஆகப்போகுது? தின்ன வேண்டியவ அவ" என்று சட்டியை மூடி வைத்துவிடும். சடங்குக்கு நாள் குறித்ததிலிருந்து காந்திமதி பேத்தியைத் தன் கட்டிலிலேயே படுக்க வைத்துக்கொண்டாள். காலையில் வெந்நீர், மத்தியானம் ரசத்தின் மேல்தெளிவு, சாயங்காலம் ஒரு பேரீச்சம்பழத்தில் பாதி. ஒருநாள் பிள்ளை நடையில் மயங்கி விழுந்தாள்.

"கிறுகிறுன்னு வந்தா நல்லதுதான். இறங்குதுன்னு அர்த்தம்" என்றாள் காந்திமதி.

இதே வார்த்தையைத் தன் பதின்மூன்றாம் வயதில், இதே நடையில் விழுந்து கிடந்து செண்பகம் கேட்டிருக்கிறாள். இப்போது மகளின் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "ஆமாட்டி, இறங்குதுன்னு அர்த்தம்" என்று அவளும் சொன்னாள். சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள், ஆனால் சொன்னது சொன்னதுதானே.

சடங்கன்றைக்கு வாசலை அடைத்துப் பந்தல், மைக் செட், பின்பக்கத்தில் சமையல் அடுப்பு, ஊரே திரண்டு வந்திருந்தது. உள்ளறையில் யாழினிக்குப் பட்டுப் பாவாடை கட்டி, தலையில் பூச்சடை தைத்து, கடைசியாக ஒட்டியாணத்தை மாட்டினால் கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் மூன்று விரற்கடை இடைவெளி. காந்திமதி முழங்காலைப் பேத்தியின் முதுகில் ஊன்றி இழுத்தாள். பிள்ளைக்கு வாந்தி வந்து கொல்லைக்கு ஓடினாள், வயிற்றில் ஒன்றும் இல்லாததால் மஞ்சளாகத் தண்ணீர்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து, கட்டிலில் கிடந்த ஒட்டியாணத்தை லூர்து டீச்சர் வீட்டு ஜெனி, மூன்றாம் வகுப்புப் படிக்கிற பொடிசு, எடுத்துத் தன் பிராக்கின்மேல் மாட்டிக்கொண்டாள். 'டொக்' என்று கொக்கி விழுந்தது. மூச்சை இழுக்கவுமில்லை, முக்கவுமில்லை. ஜெனி அதைப் போட்டுக்கொண்டு அறைக்குள் குதித்துக் குதித்து ஓடினாள், அளவெடுத்துச் செய்ததுபோல அது அவள் இடுப்பில் உட்கார்ந்திருந்தது. பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"அம்மா" என்றாள் செண்பகம். "இது சின்னப் பிள்ளைக்குச் செஞ்சது."

காந்திமதி ஜெனியைப் பிடித்து நிறுத்திக் கொக்கியைக் கழற்றினாள். "ஆமா, ஒம்பது வயசுப் பிள்ளைக்குச் செஞ்சது. அந்தக் காலத்துல அந்த வயசுலதான கட்டிக் குடுத்தாவ. முதல்முதல்ல போட்டவளுக்கு ஒம்பது வயசு. இது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியாக்கும்? எங்கம்மா என்கிட்டச் சொல்லிட்டுத்தான் செத்தா."

"என்கிட்ட நீ சொல்லலியே."

"சொல்லியிருந்தா போட்டிருப்பியா?"

இதைக் கேட்ட பிறகாவது செண்பகம் அதைப் பிடுங்கி எறிந்திருப்பாள் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நாசமாய்ப் போக, அதுதான் இல்லை. பந்தலில் ஊர் காத்திருந்தது, மைக்கில் "பெண்ணை அழைச்சிட்டு வாங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது, இவளும் எத்தனையோ வருசமாக அந்தக் கொக்கியோடு வாழ்ந்தவள். கொல்லையிலிருந்து திரும்பி வந்த மகளின் தோளைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டாள், அம்மா இழுத்தாள், கொக்கி விழுந்தது. யாழினியின் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் சிரித்தாள். "விழுந்துட்டு ஆச்சி" என்றாள்.

அவளை மணையில் உட்காரவைத்து மஞ்சள் நீர் தெளித்துக்கொண்டிருக்கும்போதுதான் பந்தல் வாசலில் செருப்புகளுக்கு நடுவில் அது தவழ்ந்து வந்தது. ஆறுமாதக் குழந்தை அளவு இருக்கும். மேலே துணி இல்லை, முழங்கால் எல்லாம் மண், மூக்கோரத்தில் மிளகு மாதிரி ஒரு மச்சம். மணையில் இருந்தவளைப் பார்த்துக் கையை நீட்டி, பசித்த பிள்ளையின் குரலில் வீறிட்டது. நாற்காலியில் இருந்தவர்கள் அதற்கு வழிவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"அடடே, பிள்ளையோடது வந்துட்டு பாருங்க!" என்றாள் லூர்து டீச்சர். "செண்பகத்துக்கு இத்தன வருசம் ஆச்சு. இவளுக்கு அதுக்குள்ளயா! கெட்டிக்காரி." யாரோ கை தட்டினார்கள், எல்லாரும் தட்டினார்கள், மைக் செட்காரர் வீட்டாருக்கு வாழ்த்துச் சொல்லி நாதஸ்வரக் கேசட்டைப் போட்டார். யாழினி பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள், மூச்சுத்தான் மேலும் கீழும் வாங்கியது.

காந்திமதி ஒரு கையில் முறமும் ஒரு கையில் விளக்குமாறுமாக வந்தாள். குப்பையைக் கூட்டுவதுபோல அதை முறத்தில் தள்ளி, தூக்க முடியாமல் தரையோடு இழுத்துக்கொண்டு, எச்சில் இலைக்காக நாய்கள் கூடி நிற்கிற தெருமுனைப் பக்கம் நடந்தாள். செண்பகம் பின்னாலேயே ஓடினாள்.

"எங்க கொண்டு போறம்மா?"

"எங்க கொண்டு போவாங்க? எனக்கும் வந்துச்சு. நீ பிறந்த வருசம். எங்கம்மா வேண்டாம்னுட்டா, நான் கதவத் திறக்கல. வெளிய கிடந்து என் பேரச் சொல்லித் தட்டிக்கிட்டே இருந்துச்சு. மழை வேற. அப்புறம் நாய் இழுத்துட்டுப் போயிட்டு. நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்." அவள் முறத்தின் விளிம்பை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "என்ன ஆயிட்டு எனக்கு? நிக்கேன்லா?"

செண்பகம் முறத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். காந்திமதி விடவில்லை. சாப்பிடாத இரண்டு பெண்கள் ஒரு முறத்துக்காக நடுத்தெருவில் இழுபறி நடத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? கண்றாவி. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்குகிறது, இரண்டு பேருக்கும் கண் இருட்டுகிறது, ஒருத்தியை ஒருத்தி தள்ள இருவரிடமும் தெம்பு இல்லை, நடுவில் குழந்தை கத்துகிறது, நாய்கள் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்கின்றன. பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்போது பின்கட்டிலிருந்து சதை வந்தது, அவசரமே இல்லாமல் நடந்து வந்து, இரண்டு பேரிடமிருந்தும் முறத்தை வாங்கிக் குழந்தையை எடுத்து மாரோடு சேர்த்துக்கொண்டது. அழுகை நின்றுவிட்டது.

"அதக் குடு இங்க. இந்த வீட்டுல நீ யாரு?" என்று காந்திமதி கத்தினாள்.

சதை குழந்தையைச் செண்பகத்திடம் நீட்டியது. செண்பகம் வாங்கினாள். வாங்கிய கை இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. மகளின் உடம்பிலிருந்து போன அந்தக் கொஞ்சத்தைத் தூக்க அவளிடம் கை இல்லை. வழுக்கிக் கீழே விழப் பார்த்ததைச் சதைதான் குனிந்து பிடித்தது.

"என்னால தூக்க முடியலியே" என்றாள் செண்பகம். அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. "என் பிள்ளைய என்னால தூக்க முடியலியே."

"நான் உள்ள வந்தா தூக்கலாம்" என்றது சதை.

செண்பகம் நேரே பந்திக்குப் போய், போட்டிருந்த முதல் இலையில் உட்கார்ந்தாள். "போடுங்கண்ணே" என்றாள். பரிமாறுகிறவர் வழக்கம்போலக் கரண்டி நுனியால் தொட்டு வைக்க, "ஒழுங்காப் போடுங்க" என்று அதட்டினாள். சோறு, பருப்பு, நெய், அவியல், சாம்பார், அப்பளத்தை நொறுக்கிப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தாள். முதல் கவளம் தொண்டையில் நின்றது, வாழைமரத்தடிக்கு ஓடத்தான் கால் எழுந்தது, எழுந்த காலைக் கையால் அழுத்திக்கொண்டு விழுங்கினாள். எதிரே குழந்தையோடு வந்து உட்கார்ந்திருந்த சதைக்குப் பாதம் இரண்டும் மறைந்தன. அடுத்த கவளத்துக்கு முழங்கால். அவள் தின்னத் தின்ன அது குறைந்துகொண்டே வந்தது, அவள் கணுக்கால் திரண்டது, தொடை நிறைந்தது, வயிறு மடிந்து மடியில் உட்கார்ந்தது. ஜாக்கெட்டின் தையல் இரண்டு பக்கமும் பிரிந்தது, கொக்கி ஒவ்வொன்றாகத் தெறித்து ரசத்தில் விழுந்தது. பந்தியில் ஒருவன் சிரித்துப் புரை ஏறினான். லூர்து டீச்சர் "ஐயோ, இந்த வீட்டு மானமே போச்சு" என்று பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினாள். தோளும் முகமும் மட்டும் மிச்சம் இருந்தபோது சதை குழந்தையை இலைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, "மோர் ஊத்திக்கோ, விக்கும்" என்றது. அவள் மோர் ஊற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு எதிரே யாரும் இல்லை.

செண்பகம் எழுந்தாள். குழந்தையை ஒரே கையில் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், அதற்கு உட்கார இப்போது இடம் இருந்தது. வழியை மறித்த காந்திமதியை இன்னொரு கையால் மெதுவாக நகர்த்தி வைத்தாள். காந்திமதி பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு, "நீ என் வயித்துல பிறக்கவே இல்லட்டி. எனக்குப் பிள்ளையே கிடையாது" என்றாள். செண்பகம் திரும்பிப் பார்க்கவில்லை. மணைக்குப் போய் மகளின் ஒட்டியாணத்தைக் கழற்றிக் கீழே போட்டாள், யாழினி தண்ணீரிலிருந்து வெளியே வந்தவள்போல ஒரு நீண்ட மூச்சு இழுத்தாள். அவளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து இலை முன்னால் உட்காரவைத்து, மடியில் அந்தச் சின்னதைப் போட்டுக்கொண்டு, நெய் விட்டுப் பிசைந்த சோற்றை ஒரு சின்ன உருண்டையாக எடுத்து நீட்டினாள்.

யாழினி சோற்றைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். தாடையை, பிதுங்கிய கையை, பிரிந்த ஜாக்கெட்டை, வயிற்றில் இன்னும் அழியாமல் இருந்த ஸ்கெட்ச் பேனாக் கோடுகளை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அசிங்கமா இருக்கம்மா நீ" என்றாள், ஆச்சியின் குரலில். "உன்னப் பாத்தாலே குமட்டுது."



"ஆமா, இருக்கேன்" என்றாள் செண்பகம். "வாயத் திற."

யாழினி உதட்டைக் கடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செண்பகம் திணிக்கவில்லை, திட்டவும் இல்லை, நீட்டிய கையை மடக்கவும் இல்லை. ஊர் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, அவளைச் சுற்றி ஒதுங்கி ஒதுங்கிப் போனது. பந்தல்காரர்கள் நாற்காலியை அடுக்கினார்கள், கீற்றைப் பிரித்தார்கள், வெயில் இலைமேல் விழுந்து சோறு காய்ந்தது. அந்த உருண்டையைப் போட்டுவிட்டு வேறு உருண்டை பிடித்தாள், அதுவும் காய்ந்தது, இன்னொன்று பிடித்தாள். பழைய கை என்றால் எப்போதோ விழுந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து யாழினி தேம்பித் தேம்பி அழுதாள், உன்ன எனக்குப் பிடிக்கல, நீ செத்துப்போ, எல்லாரும் என்னப் பாத்துச் சிரிக்காங்க, உன்னாலதான், உன்னாலதான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். செண்பகம் எல்லாவற்றுக்கும் "சரி" என்றாள். ஒவ்வொரு "சரி"க்கும் பிறகு "வாயத் திற" என்றாள். கடைசியில், அம்மாவை வெறுப்பதை ஒரு சொட்டும் குறைத்துக்கொள்ளாமல், யாழினி வாயைத் திறந்தாள்.